குறைமாதப் பிரசவ ஆய்வில் சேரச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 28 வயது. வீட்டிலேயே தையல் வேலை. கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை. முதல் பிரசவத்தில், 31வது வாரத்தில், ஒரு நாள் காலை வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்து தண்ணீர் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாளில் நாலு ஊசி போட்டார்கள், எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிறந்த குழந்தை 1 கிலோ 400 கிராம். 26 நாள் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. இப்போது அந்தப் பெண்ணுக்கு நாலு வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். அம்மா மறுபடியும் 13 வாரக் கர்ப்பம்.

பாலக்காட்டைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது, "முன்பு குறைமாதத்தில் பெற்றவர்களை வைத்து இரண்டு படனம் (ஆய்வு) நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் ஆய்வில் மாதாமாதம் ஸ்கேன், ரத்தம், பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரி, பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தம், நஞ்சுக்கொடித் துண்டு. இரண்டாவது ஆய்வில் தினமும் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஒவ்வொரு முறையும் பயணச் செலவுக்கு 500 ரூபாய். பதினாலு பக்கப் படிவம், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். "ஒப்பிட்டால் மதி (கையெழுத்துப் போட்டால் போதும்), வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இவர் படித்தது தமிழ்வழியில். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

வீட்டில் இரண்டு கட்சி. "பெரிய டாக்டர்களே பார்த்துக்கொள்வார்கள், இந்தத் தடவை பத்து மாதமும் தாங்கும், சேர்ந்துவிடு" என்கிறார் கணவர். "வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துப் பரிசோதனையா? எலிக்குப் பண்ணுவதை என் மருமகளுக்குப் பண்ண விடமாட்டேன்" என்கிறார் மாமியார். போன தடவை தண்ணீர் உடைந்ததற்குத் தையல் மிஷினை மிதித்ததே காரணம் என்பதும் மாமியாரின் தீர்ப்பு. ஏழாம் மாதம் ஆனைமலைப் பக்கம் உள்ள தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சேராவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களோ என்று இவருக்குப் பயம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன், ஆறாம் பக்கத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு டாக்டரம்மா. ஒரு தரம் பல்வலிக்கு மாத்திரை போட்டு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்." முழுக் கடிதத்திலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி இதுதான்.

பல்வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல, ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை, ஆஸ்பிரினுக்கு உறவுக்கார மருந்துகள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இந்தக் குடும்பத்து மாத்திரை எதைப் போட்டாலும் மூச்சுக்குழாய் இறுகிவிடும். உங்களுக்கு அன்று நடந்தது அதுதானா என்று கடிதத்தை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது. ஆனால் அது தெளிவாகும்வரை ஆஸ்பிரின் ஆய்வில் நீங்கள் சேரக்கூடாது. குறைந்த அளவுதானே என்று யாராவது சொன்னாலும் கூடாது. எந்த மாத்திரை போட்டீர்கள் என்று பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் அன்று பார்த்த பல் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள். ஆய்வு டாக்டரிடம் இதை நீங்களாகவே சொல்ல வேண்டும். இப்படி ஒரு விவரத்தைக் கேட்டதும், முறையாக நடக்கும் ஆய்வில் அவர்களே உங்களைச் சேர்க்க யோசிப்பார்கள். அது உங்களைத் தட்டிக் கழிப்பதாக நினைக்க வேண்டாம். இன்னாரைச் சேர்க்கலாம், இன்னாரைச் சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு ஆய்வுக்கும் எழுதி வைத்த வரையறை உண்டு.

படிவத்தில் இந்தக் கேள்வி இருந்திருக்கலாம். உங்களால் படிக்க முடியாத எழுத்தில் இருந்திருக்கும். மொழி விஷயத்தை நான் ஏன் பெரிதாகப் பேசப்போகிறேன் என்பது இதிலேயே தெரியும்.

தையல் மிஷின் மேல் பழி வேண்டாம்

மிஷினை மிதித்ததால் பனிக்குடம் உடையாது. ஸ்கூட்டரில் போனது, பப்பாளி சாப்பிட்டது, கையைத் தூக்கித் துணி காயப்போட்டது என்று எங்கள் முன்னால் அழும் பெண்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேரையாவது பார்க்கிறேன். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம் என்கிறோம். 2020ம் ஆண்டில் உலகம் முழுவதும் அப்படிப் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். அதில் சுமார் 30 லட்சம் நம் நாட்டில், வேறெந்த நாட்டையும் விட அதிகம். கர்ப்பப்பைக் கிருமித்தொற்று, இரட்டைக் கரு, கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்துபோதல், தாயின் ரத்த அழுத்தம் என்று சில காரணங்கள் தெரியும். ஏராளமான தாய்மாருக்கு, எவ்வளவு தேடியும் காரணம் அகப்படுவதில்லை. அகப்படாததால்தான் இப்படி ஆய்வுகள் நடக்கின்றன.

ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவருக்கு அடுத்த முறையும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உண்மைதான். ஆனாலும் அவர்களில் பெரும்பாலானோர் அடுத்த பிள்ளையை மாதம் நிறைந்துதான் பெறுகிறார்கள். மாமியார் சொல்வதுபோல் இப்போதிருந்தே படுக்கையில் கிடக்க வேண்டிய தேவையும் இல்லை. முழு ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணம் ஆகவில்லை. நாள் கணக்கில் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். முதுகு வலித்தால் எழுந்து நடங்கள், மறுபடி தையுங்கள்.

"ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது" என்று உங்கள் வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்த பொள்ளாச்சிப் பக்கமும் இதே பேச்சுதான். அது தவறு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டாம் மாதத்தில் வலி வந்தால், இனி என்ன ஆகப்போகிறது என்று கைவிட்டு உட்கார்ந்துவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு

உங்கள் கணவர் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் ஒரு இடத்தில் குழப்பிக்கொள்கிறார். ஆய்வில் சேர்ந்தால் இந்தத் தடவை தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தாங்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் குலுக்கல் எதற்கு? எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே. எது நல்லது என்று டாக்டர்களுக்கே தெரியாத இடத்தில் நின்றுதான் ஆய்வு நடக்கிறது. உங்களுக்கு எந்த மாத்திரை என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் இருவர் மனமும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அப்படி.

ஆஸ்பிரின் எப்படி இதற்குள் வந்தது என்று கேட்டீர்கள், உங்கள் மாமனாருக்கு நெஞ்சுவலிக்குக் கொடுத்த மாத்திரை ஆயிற்றே என்று. ரத்தம் உறைவதை அது கொஞ்சம் தளர்த்தும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று கருதி, கர்ப்ப கால ரத்த அழுத்தம் வரக்கூடிய பெண்களுக்குப் பல வருடங்களாகக் கொடுத்து வருகிறோம். 2020ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. ஆறு நாடுகளில் கிட்டத்தட்ட 12,000 பெண்கள். நம் நாட்டில் பெலகாவியிலும் நாக்பூரிலும் நடந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 13.1 பேர் குறைமாதத்தில் பெற்றார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 11.6 பேர். வித்தியாசம் சிறியது, ஆனால் லட்சக்கணக்கான பிரசவங்களில் அது நிறையக் குழந்தைகள். அந்தப் பெண்கள் எல்லோருமே தலைப்பிரசவக்காரர்கள். உங்களைப் போல ஏற்கெனவே ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு அதே பலன் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. ஆகவே அந்த ஆஸ்பத்திரி கேட்பது வீண் கேள்வி இல்லை. உங்கள் மூச்சுக்குழாய்க்கு ஏற்ற கேள்வியாகத்தான் அது தெரியவில்லை.

டாக்டர்கள் நல்லதென்று நம்பிக் கொடுத்தது பிறகு பலனில்லாமல் போனதும் உண்டு. வாராவாரம் போடும் ஒரு புரோஜெஸ்டரோன் (ஹார்மோன்) ஊசி குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்று 2003ல் ஓர் ஆய்வு சொன்னது. 2011ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. பிறகு இன்னும் பெரிய ஆய்வு நடந்து, 2019ல் பலன் தெரியவில்லை என்று முடிவு வந்தது. 2023ல் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட வருடங்களில் எத்தனை தாய்மார் வாரம் தவறாமல் அந்த ஊசியைக் குத்திக்கொண்டிருப்பார்கள்!

இப்போது உங்களுக்குப் போட்ட அந்த நாலு ஊசி. எதற்கென்று யாரும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டீர்கள், நான் சொல்கிறேன். பனிக்குடம் உடைந்த 31 வாரத் தாய்க்கு இரண்டு நாளில் நாலு ஊசி என்றால் அது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு. அது தாய் வழியாகக் குழந்தைக்குப் போய், இன்னும் பக்குவப்படாத நுரையீரலை மூச்சு விடத் தயார் செய்கிறது. இந்த வழியைக் கண்டவர் நியூசிலாந்து நாட்டு டாக்டர் லிக்கின்ஸ். முதலில் ஆடுகளிடம் பார்த்தார். பிறகு அவரும் டாக்டர் ஹோவியும் ஆக்லாந்து நகரில் 282 தாய்மாரிடம் ஆய்வு நடத்தி 1972ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு மருந்து, மீதிப் பேருக்கு வீரியம் மிகக் குறைந்த வேறொரு ஊசி. குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத் திணறாமல் பிழைத்த பிள்ளைகள் மருந்து பெற்ற பக்கம் கூடுதலாக இருந்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், அதே வகை மருந்தைக் கிராமங்களில் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2015ல் வெளியானது. பலன் வரவில்லை. மொத்தமாகப் பார்த்தால் சிசு மரணமும் தாய்மாரின் கிருமித்தொற்றும் கூடியிருந்தன. எல்லோரும் திகைத்துப் போனோம். வாரக்கணக்கு சரியாகத் தெரியாமலும், பிறந்த குழந்தையைப் பார்க்க வசதி இல்லாத இடத்திலும் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் மறுபடி ஒரு ஆய்வு நடத்தியது. வாரக்கணக்கை ஸ்கேன் மூலம் உறுதி செய்து, வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும், இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியாவில் 2,852 தாய்மார். இறந்த சிசுக்கள் மருந்து பெற்ற பக்கம் நூற்றுக்கு 19.6, பெறாத பக்கம் 23.5. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, 2020ல் வெளியிட்டார்கள்.

உங்கள் பெண் அங்கன்வாடிக்குப் போவதில் அந்த முகம் தெரியாத தாய்மாருக்கும் பங்கு உண்டு. உங்களைச் சம்மதிக்க வைக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கடனை நீங்கள் தீர்த்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நானும் சொல்லமாட்டேன். ஊசியின் பின்கதை தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

மாமியாரின் பயத்தில் நியாயம் உண்டு

தமிழில் ரத்தப் பரிசோதனைக்கும் எலிப் பரிசோதனைக்கும் ஒரே சொல்தான். அதனால் மாமியார் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. அவர் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. 2009ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு தடுப்பூசித் திட்டம் நடந்தது. பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்ட படிவங்கள் வெளியே வந்தன. சில சிறுமிகள் இறந்ததும் 2010ல் அரசு அதை நிறுத்தியது. மரணத்துக்கு ஊசி காரணம் என்று விசாரணை சொல்லவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய முறையை 2013ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காலகட்டத்தில் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது, விதிகள் இறுகின.

நானும் இதில் குற்றமற்றவள் அல்ல. மேற்படிப்புக் காலத்தில், நான் வேலை பார்த்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் "இங்கே ஒரு கையெழுத்து போடும்மா" என்று ஆய்வுப் படிவத்தை நீட்டியிருக்கிறேன். அவர்கள் படிக்கவில்லை, நான் விளக்கவும் இல்லை. இன்றைக்கும் அந்த முகங்களில் இரண்டு மூன்று நினைவுக்கு வரும். உங்களுக்கு 13 வாரத்திலேயே, வலி இல்லாத நேரத்தில், கேட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு நல்லது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2019ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ம் ஆண்டு நெறிமுறைகள், இரண்டும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலச் செல்லும். நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகே ஆய்வு தொடங்க முடியும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்கக் கூடாது. சட்டம் தெரிந்தவரும் மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து ஒரு பொது மனிதரும் இருக்க வேண்டும். எலிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம், உங்களால் முடியாது என்று சொல்ல முடியும் என்பதுதான். சேர்ந்த பிறகு, நாலாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, காரணமே சொல்லாமல் விலகவும் முடியும். விலகினாலும் சேராவிட்டாலும் உங்களுக்குத் தர வேண்டிய சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. யாராவது முகத்தைத் திருப்பினால் அது அவர்கள் விதியை மீறுவது. நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள், அதன் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று. கையெழுத்து உங்களுடையது. கணவரோடும் மாமியாரோடும் கலந்து பேசுங்கள், அது நல்லது. ஆனால் உங்கள் உடலில் நடக்கும் ஆய்வுக்கு உங்கள் சம்மதத்துக்குப் பதிலாகக் கணவரின் சம்மதம் செல்லாது. உங்கள் மறுப்பை மாமியாரும் உங்களுக்குப் பதிலாகச் சொல்ல முடியாது.

கையெழுத்துக்கு முன்

முதலில் தமிழ்ப் படிவம் கேளுங்கள். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் படிவம் தர வேண்டும் என்பது விதி. சிஸ்டர் வாயால் மொழிபெயர்த்துச் சொன்னால் போதாது. நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்ட தமிழ் எழுத்து வேண்டும். உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகளே இருக்கின்றன. அங்கிருந்து வரும் பெண்களை ஆய்வில் சேர்க்க நினைக்கும் ஆஸ்பத்திரிக்குத் தமிழ்ப் படிவம் அச்சடிப்பது பெரிய செலவில்லை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். "எனக்குத் தமிழில் தந்தால் படித்துவிட்டு வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பற்றி. ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்குவதுதான் வழக்கம், அதனால் அவர்கள் அவசரப்படுவதில் காரணம் உண்டு. ஆனால் அந்த ஆய்வு உங்களுக்குத் தள்ளிப்போகிறது என்பதால் அவசரம் உங்களுடையது அல்ல. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆய்வு பதிவானதா என்று பாருங்கள். மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். அந்த நான்கெழுத்துக் கூட்டோடு தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்கினால், செல்போனிலேயே தேடிப் பார்க்கலாம். யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம், ஏதாவது ஆகிவிட்டால்? ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. மருந்துக் கம்பெனி நடத்தும் பரிசோதனை என்றால் 2019 விதிகள் பேசும். கல்லூரியே தன் படிப்புக்காக நடத்துவது என்றால் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி அந்த நிறுவனம் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எது என்று கேளுங்கள். நடு ராத்திரியில் வேறு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அந்தச் செலவு யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். எல்லையோரத்தில் இருக்கும் உங்களுக்கு இது வெறும் காகிதக் கேள்வி இல்லை.

500 ரூபாய் பயணச் செலவுக்குத்தான். அது நியாயம், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணத்துக்காகவோ இலவச ஸ்கேனுக்காகவோ சேர வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் கர்ப்பிணிக்கு மருந்தும் பரிசோதனையும் பிரசவமும், சிசேரியன் ஆனாலும், இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை சிகிச்சையும் இலவசம்.

இனி முதல் ஆய்வு, மாதிரிகள் எடுப்பது. என் கணிப்பில் இதில் நீங்கள் தாராளமாகச் சேரலாம், மனம் இருந்தால். மருந்து எதுவும் இல்லை, கவனித்துக் குறித்துக்கொள்வதுதான் வேலை. இதே வகையில் 2015 முதல் குருகிராம் அரசு ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைச் சேர்த்து கர்பிணி என்ற பெயரில் ஆய்வு நடக்கிறது. அந்தத் தரவை வைத்து ஃபரீதாபாத் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, நம் நாட்டுக் கருவின் வயதைக் கணக்கிட ஒரு கணிப்பு முறையை 2024ல் வெளியிட்டன. வாரக்கணக்கு தவறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே, அதற்குத்தான். இதில் கேட்க வேண்டியது மாதிரிகளைப் பற்றி. எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், பெயரை நீக்கி எண் மட்டும் போடுவார்களா, மரபணுச் சோதனை உண்டா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, எதிர்காலத்தில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்த அனுமதி தனியாகக் கேட்கிறார்களா. தொப்புள்கொடிக்குச் சரி, மரபணுவுக்கு வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும்

சில விஷயங்களை எந்த ஆய்வையும் நம்பி விட்டுவிடக் கூடாது. உங்களைப் போன்றவருக்கு 16லிருந்து 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் பார்க்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டரோன் மாத்திரையோ, வாயைச் சுற்றித் தையலோ தேவைப்படலாம். மேலே சொன்ன வாராந்திர ஊசி வேறு, இது வேறு. சிறுநீரில் கிருமி இருக்கிறதா, ரத்தம் குறைவா, அழுத்தம் என்ன என்று பார்ப்பதும் அப்படியே. ஆய்வின் ஸ்கேனில் குறை தெரிந்தால் அதை உங்களிடம் சொல்வார்களா, அல்லது கடைசியில் எல்லார் கணக்கோடும் சேர்த்துத்தான் பார்ப்பார்களா என்று நேராகவே கேளுங்கள். சொல்லமாட்டோம் என்றால், தனியாக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீசிங் மருந்தை இன்ஹேலரில் எடுப்பது கர்ப்பத்தில் பாதுகாப்பானது. பயந்து நிறுத்தாதீர்கள். மூச்சுத் திணறும் தாயின் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும்.

தாய்வீட்டுக்குப் போவது பற்றி உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வளைகாப்பு வையுங்கள், கை நிறைய வளையல் போடுங்கள். ஆனால் இருக்கும் ஊர் எதுவாக இருந்தாலும், 34 வாரத்துக்கு முன் குழந்தை வந்தால் பார்க்கக்கூடிய சிசு தீவிர சிகிச்சைப் பிரிவு அருகில் எங்கே என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பாலக்காடா, பொள்ளாச்சியா, கோயம்புத்தூரா என்று தண்ணீர் உடைந்த பிறகு யோசிக்கக் கூடாது. பிறந்த குழந்தையை வேறு ஊருக்குத் தூக்கிப் போவதைவிட, வயிற்றிலிருக்கும்போதே தாய் போய்ச் சேருவது பல மடங்கு நல்லது. தாய்வீடு போகும் யோசனையை ஆய்வுக்காரர்களிடமும் சொல்லுங்கள். பிரசவத்தின்போது எடுக்க வேண்டிய மாதிரி அவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதால் அவர்களுக்கும் அது தெரிய வேண்டும். சேர்ந்தால், ஆய்வில் இருப்பதைக் காட்டும் அட்டையைத் தாய்சேய் அட்டைக்குள்ளேயே வையுங்கள், எந்த ஊர் டாக்டரும் பார்க்கும்படி.

இந்த வாரம் போகும்போது மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு, பல்வலி மாத்திரையின் பெயர், உங்கள் இன்ஹேலர். உட்கார்ந்ததும் மூச்சு முட்டிய கதையை முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பிறகு இந்த நாளிலிருந்து, துணி நனைகிற மாதிரி நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, இடுப்பில் வலி வந்து வந்து போனாலோ, பின் மாதங்களில் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கணவர் ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போன தடவையும் வலி இல்லாமல்தான் தொடங்கியது.

அன்புடன்,
உங்கள் டாக்டரம்மா